‘சேர்லிஷ்’: ஒரு வசைச்சொல்லின் வரலாறும் வழக்கும்

ஆங்கில நாளேடுகளிலும் சஞ்சிகைகளிலும் வெளிவரும் நூல் மதிப்புரைகளைத் தொடர்ந்து படிப்போர், அவற்றின் இறுதிப் பந்தியிலே ஒரு குறித்த வாய்பாட்டை அடிக்கடி எதிர்கொண்டிருப்பர். நூலின் குறைகள் சிலவற்றைத் தொட்டுக்காட்டிய மதிப்புரையாளர் திடீரென நின்று, இத்துணை உழைப்புடன் ஆக்கப்பட்ட நூலிலே இன்னமும் குற்றம் காண்பது ‘சேர்லிஷ்’ ஆகும் எனக் கூறி முடித்துவிடுவார். பிரித்தானிய நாடாளுமன்ற விவாதங்களிலும் இதனைக் கேட்கலாம். அமைச்சர் அறிவித்த சலுகையொன்றை வரவேற்கும் எதிர்க்கட்சி உறுப்பினர், அதனை வரவேற்காதுவிடின் தாம் ‘சேர்லிஷ்’ ஆகிவிடுவார் என்ற பீடிகையுடன் தொடங்குவார். அகராதியை விரிப்பின் அச்சொல்லுக்குப் பண்பற்ற, முரட்டுத்தனமான, கடுகடுப்பான, ஈயாத என்றவாறு பொருள்கள் கிடைக்கும். இவற்றுள் எதனையும் மேற்கூறிய இடங்களிலே வைத்துப் பார்த்தால் முற்றாகப் பொருந்துவதில்லை. நூலொன்றின் குறையை எடுத்துக் கூறுபவன் எவ்வாறு முரடனாவான்? அவன் யாருக்கு எதனை ஈய மறுத்தான்?

இவ்வினாக்களுக்கான விடை சொல்லின் வரலாற்றிலே பொதிந்துள்ளது. ஒரு சொல்லின் தோற்றத்தை அறிந்துவிட்டால் அதன் இன்றைய பொருளை அறிந்துவிட்டதாகக் கருதும் மயக்கம் மொழி ஆராய்ச்சியாளரிடையே உண்டு, அம்மயக்கம் எமக்கில்லை. எனினும் இச்சொல்லைப் பொறுத்தவரை, பழைய பொருள் மறைந்தொழியவில்லை, புதிய பொருளின் அடியிலே ஒளிந்திருந்து தொழிற்படுகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.

‘சேர்லிஷ்’ என்னும் பெயரடை ‘சேர்ல்’ என்ற பெயர்ச்சொல்லின் அடியாகப் பிறந்தது. பழைய ஆங்கிலத்திலே அதன் மூலவடிவம் மனிதன், கணவன் என்னும் பொருள்களைத் தந்தது. சட்ட நூல்களிலே அது ஒரு சமூகப் படிநிலையைக் குறித்தது. அடிமையும் அல்லாத, பிரபுவும் அல்லாத சுதந்திர உழவனே அப்பெயருக்குரியவன். கொலையுண்டவனின் சுற்றத்தாருக்கு இறுக்கவேண்டிய உயிர்விலையை மேற்குச் சாக்சனியச் சட்டம் படிநிலைக்கேற்ப வகுத்தது. உயர்குடியாளனுக்கு 1200 சிலிங், ‘சேர்’லுக்கு 200 சிலிங். ஆறிலொரு பங்கு விலையாயினும் விலையுள்ள உயிர்தான். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஆவணமொன்று, ஐந்து ‘ஹைட்’ நிலமும் தேவாலயமும் அடுக்களையும் மணிக்கூடமும் பெற்றுச் செழித்த உழவன் பிரபுவின் தகுதிக்கு உரியவனாவான் எனப் பேசுகிறது. அக்காலத்திலே இச்சொல்லில் வசை இல்லை. இங்கிலாந்தின் சார்ல்ற்றன், சோர்லி முதலிய ஊர்ப்பெயர்களிலே அவ்வுழவர்களின் சுவடு இன்றும் எஞ்சியிருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே அடிச்சொல்லின் உறவினவே கார்ல், சார்ள்ஸ் என்னும் பெயர்கள். சார்லமேன் பேரரசனின் பெயரிலிருந்து சிலாவிய மொழிகள் ‘அரசன்’ என்பதற்கான தமது சொல்லையே ஆக்கிக்கொண்டன. ஒரே வேர் ஓரிடத்தில் முடி சூடியது, பிறிதோரிடத்தில் வசையாகியது.

வசையானதற்குக் காரணம் மொழியியல் மட்டுமன்று. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், நிலமானிய அமைப்பு இறுகிய போக்கிலே, சுதந்திர உழவன் படிப்படியாகப் பண்ணையோடு பிணைக்கப்பட்டவனானான். அவனது பெயரும் அவனுடன் தாழ்ந்தது. முதலில் கட்டுண்ட குடியானவன், பின்னர் இழிபிறப்பாளன், பின்னர் இழிநடத்தையுள்ளவன் என அதன் பொருள் இறங்கிச் சென்றது. ‘வில்லன்’ என இன்று எமது திரைப்பட இரசிகரும் அறிந்த சொல் பண்ணைக் குடியானவனைக் குறித்ததே. முரட்டு நடத்தையுள்ளவனைச் சுட்டும் ‘பூர்’ என்பதும் உழவன் என்னும் பொருளதே. இவ்வினத்துச் சொற்களின் பொருள்மாற்றத்தைச் சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட ‘சொற்களைப் பற்றிய ஆய்வுகள்’ என்னும் நூலிலே, தகுதிநிலைச் சொற்கள் ஒழுக்கச் சொற்களாதல் எனப் பெயரிட்டார். நல்ல பெயர், மாற்றத்தின் திசையை அது சரியாகவே காட்டுகிறது. ஆயின் அம்மாற்றத்தினாலே பயனடைந்தவர் யார், பழிசுமந்தவர் யார் என்ற வினாவை அப்பெயரைக் கொண்டு மட்டும் நாம் தீர்த்துவிட முடியாது.

‘சேர்லிஷ்’ என்பதற்கு நேரெதிரான ஆங்கிலச் சொல் எதுவெனத் தேடினால் இது விளங்கும். அது ‘ஜெனரஸ்’ என்பதாகும். வள்ளன்மையைக் குறிக்கும் அச்சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு உயர்குடிப் பிறந்த என்பதே பொருள். ஆகவே உயர்ந்த பிறப்பு கொடுக்கும் குணமாயிற்று. தாழ்ந்த பிறப்பு கொடாக் குணமாயிற்று. பண்ணையின் விளைச்சலைப் பெற்றவன் பிரபு; எனவே கொடுக்க அவனிடம் ஏதோ இருந்தது. விளைவித்தவனிடம் வாரமும் கடமையும் போக எஞ்சியதோ சொற்பம். அவன் கையை இறுக்கிக்கொண்டது குணத்தினாலன்று, தேவையினால். அத்தேவையே அவனது இயல்பெனப் பெயரிடப்பட்டது. வறியவனின் சிக்கனத்தைக் கஞ்சத்தனமென்றும், செல்வனின் மிகையை வள்ளன்மையென்றும் வழங்கும் மொழி, நிலத்தின் உடைமை முறையைத் தன்னுள்ளே பதிந்து வைத்திருக்கிறது எனல் தவறாகாது.

சோசரின் ‘கன்ரபெரிக் கதைகள்’ இச்சொல்லின் இடைக்கால நிலையை அறிவதற்கு மிகச் சிறந்த களமாகும். யாத்திரிகர்களுள் முதலிற் கதை கூறுபவன் படைவீரப் பிரபு. அவனுக்கடுத்து மடத்துத் துறவியைப் பேசவைக்கவே விடுதிக்காரன் விரும்புகிறான். குடிபோதையிலிருந்த மாவரைப்போன் குறுக்கிட்டுப் பிரபுவின் கதைக்குத் தன் கதையால் ஈடுசெய்வேனென்று அடம்பிடிக்கிறான். இவ்விடத்திலே கவிஞர் வாசகரிடம் மன்னிப்புக் கோருகிறார். மாவரைப்போன் ஒரு ‘சேர்ல்’, அவன் சொல்லப்போவது ‘சேர்’லின் கதை, விரும்பாதோர் ஏட்டைப் புரட்டி வேறொன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்கிறார். மன்னிப்புக் கோரிய கவிஞர் கதையை விட்டுவிட்டாரா எனின், இல்லை. ஒரு சொல்லும் குறையாது எழுதினார். 1381இல் ஆங்கில உழவர் கிளர்ந்தெழுந்தபோது எசெக்ஸ் பகுதியினர் இலண்டனுள் நுழைந்த ஓல்ட்கேற் வாயிலின் மேன்மாடியே அக்காலத்திற் சோசரின் இல்லமாகும் என்பதை இத்துடன் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

அந்நூலிலே இன்னுமொரு ‘சேர்ல்’ உண்டு. நோயுற்றுப் படுத்திருக்கும் தோமஸ் என்னும் குடியானவனிடம் பிச்சைத் துறவியொருவன் மடத்துக்கு நன்கொடை கேட்டு நச்சரிக்கிறான். துறவியரெல்லோருக்கும் சமமாகப் பங்கிடவேண்டும் என்ற நிபந்தனையுடன் தோமஸ் ஒரு கொடையை வழங்குகிறான். அக்கொடை, இத்தகைய மலரிலே பெயர் சொல்லத் தயங்கவேண்டிய வயிற்றுக் காற்று. துறவி சினந்து ஊர்ப் பிரபுவிடம் ஓடுகிறான். பிரபுவின் மனைவி ‘சேர்ல்’ ஒருவன் ‘சேர்’லுக்குரிய செயலைச் செய்தான், அவ்வளவுதான் என்று ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடுகிறாள். செயலுக்குக் காரணம் பிறப்பு. வேறு விசாரணை தேவையில்லை. ஆயின் பிரபுவோ, காற்றைச் சமபங்காக்கும் கணக்கொன்றை இக்குடியானவன் எங்ஙனம் சிந்தித்தான் என வியந்து போகிறான். வாசகனுக்கு அவ்வியப்பே முக்கியம். கேட்டுக் கேட்டுப் பெற்றுப் பழகிய கைக்கு எதிராகக் குடியானவன் செய்த முதலாவது விமர்சனம் அது எனலாம்.

சோசர் இதனோடு நிற்கவில்லை. பாத் நகரத்து மாது கூறும் கதையிலே, மணவறையில் தன்னை இழிபிறப்பினளென இகழ்ந்த கணவனுக்கு முதியவள் நீண்ட மறுமொழி சொல்கிறாள். குலப்பெருமை செல்வத்தோடு வருவதன்று, இழிசெயல் செய்பவன் எவனோ அவனே ‘சேர்ல்’, அவன் கோமகனாயினும் சரி என்பது அவள் வாதத்தின் சாரம். பிறப்பிலிருந்து நடத்தைக்குச் சொல் நகர்ந்த அம்மாற்றம் இங்கே முதன்முறையாக மேலோர்க்கு எதிராகத் திருப்பப்படுகிறது. வசைச்சொல் உருவாக்கியவரின் கையிலேயே என்றும் தங்கிவிடுவதில்லை.

இத்திருப்பம் 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திலே தெளிவாகக் காணப்படுகிறது. சாமுவேலின் முதலாம் நூலில் வரும் நாபால் ‘சேர்லிஷ்’ என்று வருணிக்கப்படுகிறான். அவன் குடியானவனல்லன், மூவாயிரம் செம்மறிகளுக்கும் ஆயிரம் வெள்ளாடுகளுக்கும் உடையவன். மயிர் கத்தரிக்கும் விழா நாளிலே, அவனது மேய்ப்பர்களைத் தாம் காத்ததாகக் கூறித் தாவீதின் ஆட்கள் உணவு கேட்டு வருகின்றனர். நாபால் மறுக்கிறான். மறுக்கும்போது அவன் கூறுவது கவனத்துக்குரியது: தாவீது யார், எசமானரை விட்டோடும் வேலைக்காரர் இக்காலத்திற் பலர் என்கிறான். ஆக, இழிநடத்தைக்காரன் என நூல் எவனைச் சுட்டுகிறதோ, அவனே மற்றவனைக் கீழ்நிலையாளன் எனப் பழிக்கிறான். அவனுடன் எவரும் பேசமுடியாது என முறையிடுபவனும் அவனுடைய வேலையாள்தான். ஆயினும் கதையின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. மறுப்பைக் கேட்ட தாவீது ஏறத்தாழ நானூறு பேருக்கு வாளேந்தச் சொல்லிப் புறப்பட்டான். கொடாதவிடத்து வாளோடு வருபவன் கேட்டது கொடையா, காவல்வரியா? நாபாலின் பக்கத்துக் கதையை எழுதியவர் எவருமில்லை.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு பாடம் கிடைக்கிறது. அதே ஆங்கில விவிலியம் ஏசாயாவின் நூலிலும், ஈயாதவனைக் குறிக்கும் வேறோர் எபிரேயச் சொல்லுக்கு, ‘சேர்ல்’ என்றே எழுதியது. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பாளரோ நாபாலை முரடன் என்றும், ஏசாயாவில் வருபவனை லோபி என்றும் பிரித்துரைத்தனர். அவர்கள் மூலமொழியை நோக்கினராதலின் அது முற்றிலும் சரியே. ஆயின் முரட்டுத்தனமும் உலோபமும் ஒரே குற்றத்தின் இருமுகங்கள் என்ற ஆங்கிலச் சமுதாயத்தின் எண்ணம் தமிழிலே வரவில்லை, வரவும் இயலாது. எமது அறநூல் மரபிலே விருந்தினர் முன் முகந்திரிதல் விருந்தோம்பலுக்கு மாறான குற்றம். பெற்றதை மறத்தல் செய்ந்நன்றி கொன்ற குற்றம். வள்ளுவர் இவற்றை வெவ்வேறு அதிகாரங்களில் வைத்தார். முன்னதில் பொறுப்புக் கொடுப்பவனுடையது, பின்னதில் பெறுபவனுடையது. ‘சேர்லிஷ்’ என்னும் ஒரு சொல் இரண்டையும் விழுங்கிக்கொண்டது. கொடாதவனையும் அது சுடும், கொடுத்ததை முகமலர்ந்து வாங்காதவனையும் அது சுடும். இதனாலேயே அதற்கு ஒரு தனித் தமிழ்ச்சொல் கண்டுபிடிக்க முயல்வது வீண் என்பது எமது கருத்து. இடத்துக்கு இடம் வெவ்வேறாகவே பெயர்க்கவேண்டும்.

சேக்ஸ்பியரிலே கொடாதவனைச் சுடும் பொருளே மேலோங்கி நிற்கிறது. ‘அஸ் யூ லைக் இற்’ நாடகத்திலே, களைத்து வந்த பயணியருக்கு உணவளிக்க வழியற்ற மேய்ப்பன் கோரின், தான் மேய்க்கும் ஆட்டின் மயிரைத் தான் கத்தரிப்பதில்லை, தன் எசமான் ‘சேர்லிஷ்’ ஆனவன், விருந்தோம்பி வீடுபேறு தேடும் எண்ணமில்லாதவன் என்கிறான். உழவனின் பெயராக இருந்த சொல் இப்போது உழைப்பவனின் வாயிலிருந்து உடையவனைத் தாக்குகிறது. ‘ஹம்லெற்’ நாடகத்திலே தங்கையின் சடலத்துக்கு முழுமையான ஈமக்கிரியை செய்ய மறுத்த குருவை லேயர்ற்றிஸ் இச்சொல்லாலேயே ஏசுகிறான். மறுக்கப்பட்டது பொருளன்று, இரக்கம். யூலியற், நஞ்சு முழுவதையும் தானே பருகித் தனக்கொரு துளியும் மிச்சம் வையாத ரோமியோவை ‘சேர்ல்’ என விளிக்கிறாள். 1609இல் வெளியான சொனற்றுகளின் முதற் பாடல், தன் அழகைத் தன்னுள்ளேயே பூட்டி வைக்கும் இளைஞனை மென்மையான ‘சேர்ல்’ என்கிறது. கடைசி இரண்டிலும் வசைக்குள் அன்பு இருக்கிறது. யூலியற்றின் வாயில் அது வசையே அன்று, புலம்பல்.

இந்நிலையிலிருந்து இன்றைய வழக்குக்கு வரின் ஒரு தலைகீழ் மாற்றத்தைக் காண்கிறோம். ‘சேர்ல்’ என்ற பெயர்ச்சொல் பேச்சிலே ஏறக்குறைய இறந்துவிட்டது. பெயரடை மட்டும் உயிர் வாழ்கிறது. மனிதன் போனான், பழி நின்றது. அப்பழியும் இன்று பெரும்பாலும் கொடாதவனைத் தொடுவதில்லை. விருந்தையோ சலுகையையோ நூலையோ பெற்றுக்கொண்டு முணுமுணுப்பவனையே அது தொடுகிறது. அதன் இலக்கண வடிவத்தையும் நோக்குக. பிறனைப் பார்த்து நீ ‘சேர்லிஷ்’ என நேரே சொல்வது அரிதாகிவிட்டது. குறை கூறின் நான் அவ்வாறாவேன் என்று பேசுவோன் தன்னைத்தானே எச்சரித்துக்கொள்வதே பெருவழக்கு. பண்டைய பிரபு தன் குடியானவனை நோக்கிச் சொன்னதை இன்றைய பேச்சாளன் தன்னை நோக்கித் தானே சொல்லிக்கொள்கிறான். அவன் தன்னைப் பெறுபவனின் நிலையிலே நிறுத்திக்கொண்ட கணத்திலேயே கேள்வி கேட்கும் உரிமை கழன்றுவிடுகிறது. சொல்லின் பழைய பொருள் அடியிலே தொழிற்படுகிறது என்று மேலே கூறியதன் கருத்து இதுதான்.

இவ்வாய்பாட்டை நையாண்டியாகக் கையாளும் சாமர்த்தியசாலிகளும் உளர் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இன்ன பிழையைச் சுட்டுவது ‘சேர்லிஷ்’ ஆகும் எனக் கூறியே அப்பிழையைச் சுட்டிவிடுவர். ஆங்கிலேயருக்கு மிகப் பிரியமான உத்தி இது. ஆயின் இவ்வுத்தியும் தடை இருப்பதனாலேயே பலிக்கிறது. தடையை அது நீக்குவதில்லை.

இவையெல்லாம் ஆங்கிலேயர் விவகாரம், எமக்கென்ன என்று கேட்பவர் எமது நூல் வெளியீட்டு விழாக்களை நினைவுகூர்வாராக. மதிப்பீட்டுரை நிகழ்த்த வந்தவர் முதற் பிரதியைப் பெற்றுக்கொண்டு, பொன்னாடையும் போர்த்தப்பெற்று, நல்லதொரு முயற்சியிலே சிறு குறைகளைப் பெரிதுபடுத்துவது நாகரிகமன்று என அமர்ந்துவிடுகிறார். ‘நாகரிகம்’ என்ற சொல்லும் நகரத்தவனின் இயல்பு என்னும் பொருளில் வந்ததே. நாட்டுப்புறத்தானை விலக்கி வைத்தே அதுவும் தன் மதிப்பைப் பெற்றது. மாவரைப்போனின் கதைக்கு நேர்ந்த பழியும் எமக்குப் புதிதன்று. 1960களின் முற்பகுதியிலே ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் சாதாரண மக்களின் பேச்சுமொழியைச் சிறுகதையிலும் நாவலிலும் கையாண்டபோது, மரபுவாதிகள் அதனை இழிசனர் வழக்கு என்றனர். வழக்கென்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்னும் பழைய இலக்கணக் கோட்பாடு அவர்களுக்கு அரணாயிற்று. கைலாசபதியும் சிவத்தம்பியும் எதிர்த்தரப்பில் நின்று வாதிட்ட அம்மரபுப் போராட்டத்தின் மையப்பொருள் இலக்கணமெனத் தோன்றினும், யாருடைய வாய்மொழி அச்சேறத் தகுதியுடையது என்பதே உண்மையான வினா. சோசர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுதினார். எமது எழுத்தாளர் மன்னிப்புக் கேளாமலே எழுதினர்.

‘அஸ் யூ லைக் இற்’ நாடகத்திலே இச்சொல் வேறு இரு தடவைகளும் வருகிறது. ஒன்று, பிணக்கின் படிகளை எண்ணிக்காட்டும் விதூடகன் டச்ஸ்டோனின் வாயில். ஏழு படிகளுள் ‘சேர்லிஷ்’ ஆன மறுமொழி மூன்றாவது. எதிரியின் தீர்ப்பு வலுவற்றது என்று சொல்வதே அப்படியாம். அஃதாவது, திறனாய்வாளன் அன்றாடம் செய்வது! மற்றையது இன்னும் ஆழமானது. தம்பியினால் நாடு பறிக்கப்பட்டு ஆர்டன் காட்டில் வாழும் கோமகன், குளிர்காலக் காற்றின் ‘சேர்லிஷ்’ ஆன கண்டிப்பைப் பற்றிப் பேசுகிறான். அது உடலைக் கடிக்கும்போது தான் நடுங்கியவாறே முறுவலித்து, இது முகத்துதியன்று, நான் யாரென்பதை எனக்கு உணர்த்தும் ஆலோசகர் இவரே எனச் சொல்லிக்கொள்வதாகக் கூறுகிறான். அரசவையிலே அவனுக்கு அத்தகைய ஆலோசகர் வாய்க்கவில்லை.

இறுதிக் காட்சியிலே அவனுக்கு நாடு மீள்கிறது. ஆடலும் பாடலும் தொடங்குக என்கிறான். குளிர்காற்றின் பேச்சு அங்கே எழவில்லை. ஜேக்குவிஸ் ஒருவன் மட்டும் அவ்விருந்திற் கலந்துகொள்ள மறுத்து, கோமகன் விட்டுச்செல்லும் குகையிலே காத்திருப்பதாகக் கூறி வெளியேறுகிறான். கோமகன் அவனை நிற்குமாறு வேண்டுகிறான். ‘சேர்லிஷ்’ என்று அவனை அழைக்கவில்லை.